மரண தூதன் ஏன் பேயைப் போலப் பயமுறுத்துவதில்லை?

இரவுக்காட்சி (இழையைத் தொடங்கியவர்):

திகில் படங்களில் பேய் ஜெயிக்கிற அளவுக்கு மரண தூதன் ஜெயிப்பதில்லை. ஏன் என்று இங்கே பேசலாமா?

என் கணிப்பு இது. பேய்க்கு ஒரு குறை இருக்கும். யாரோ கொன்றிருப்பார்கள், சொத்தைப் பிடுங்கியிருப்பார்கள், பிள்ளையைப் பறிகொடுத்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு அந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடித்துத் தீர்த்து வைத்தால் பேய் போய்விடும், கதை முடிந்தது. மரண தூதனுக்கு அப்படி ஒரு குறையும் கிடையாது. நம் மேல் கோபமில்லை, நம்மிடம் கேட்டு வாங்க ஒன்றுமில்லை. நேரம் வந்தது, வந்து நிற்கிறான். மந்திரம், தாயத்து, சிலுவை எதுவும் அவனிடம் செல்லாது, ஏனென்றால் அவற்றுக்குச் சக்தி கொடுக்கிற அதே இடம்தான் அவனையும் அனுப்பியிருக்கிறது. இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை எப்படி எழுதுவது? அதனால்தான் பலர் அவன் கையில் ஓர் அரிவாளைக் கொடுத்து வெறும் கொலைகாரனாக்கிவிடுகிறார்கள். அப்புறம் அவனும் இன்னொரு பேய்தான்.

இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்த படம் என்று நான் நினைப்பது ஃப்ரிட்ஸ் லாங் 1921இல் எடுத்த 'களைத்துப்போன மரணம்' என்ற ஜெர்மன் மௌனப் படம். காதலனைப் பறிகொடுத்த பெண் மரணத்தின் இடத்துக்கே போகிறாள். உயரமான மண்டபம் முழுக்க மெழுகுவர்த்திகள், ஒவ்வொரு சுடரும் ஓர் உயிர். மரணம் ஒரு சுடரைக் கையில் ஏந்துகிறது, அது கைக்குழந்தையாக மாறுகிறது, அடுத்த நொடி இல்லை. எங்கேயோ ஒரு தாய் அழுகிறாள். அப்போது மரணமாக நடித்த பெர்னார்ட் கெட்ஸ்கேயின் முகத்தைப் பாருங்கள். ஒட்டிய கன்னம், அசையாத கண்கள். அதில் கொடூரமே இல்லை. இந்த வேலை அவனுக்கே சலித்துவிட்டது. எனக்கு அந்த முகம்தான் பயம்.

கடைசி_வரிசை:

நல்ல இழை சகோ. ஆனால் முகத்தைக் காட்டினால் பயம் போய்விடும் என்பது என் கட்சி.

2000இல் வந்த 'ஃபைனல் டெஸ்டினேஷன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் வெடிக்கப்போவதை ஒருவன் முன்கூட்டியே கண்டு, சிலரோடு இறங்கிவிடுகிறான். அதற்கப்புறம் மரணம் ஒவ்வொருவராகத் தேடி வருகிறது. கறுப்பு அங்கி, எலும்பு முகம், இறக்கை எதுவும் கிடையாது. தண்ணீர் கசிந்து தரையில் ஊர்கிறது, ஒரு திருகு தளர்கிறது, காற்று லேசாக அடிக்கிறது. அவ்வளவுதான். ஜெஃப்ரி ரெட்டிக் இந்தக் கருவை முதலில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்காகத்தான் எழுதினார். இரண்டாம் பாகத்தில் மரக்கட்டை ஏற்றிய லாரி வரும் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் நெடுஞ்சாலையில் அந்த மாதிரி லாரிக்குப் பின்னால் போகப் பயப்படுகிறார்கள். எந்த தூதனின் முகம் இத்தனை வருடம் இப்படித் தங்கியிருக்கிறது?

தூதன் என்று சொல்லத்தக்க ஒரே ஆள் டோனி டாட் நடித்த பிணவறைக்காரர். அவரும் யாரையும் தொடமாட்டார். விதிகளை மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். 2024 நவம்பரில் அவர் காலமானார், 2025இல் வந்த பாகத்தில் அவருடைய விடைபெறும் காட்சி இருக்கிறது. உடல் மெலிந்து வந்து நின்று பேசுகிறார். நடிப்பு எது, நிஜம் எது என்று பிரிக்கவே முடியாது.

மௌனப்பட_ரசிகை:

லாங் படம் வந்த அதே 1921இல் ஸ்வீடனிலும் ஒன்று வந்தது. விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கி நடித்த 'மாய வண்டி'. செல்மா லாகர்லோஃப் 1912இல் எழுதிய கதை. புத்தாண்டுக்கு முந்தைய இரவு மணி பன்னிரண்டு அடிக்கும்போது கடைசியாகச் சாகிறவன் அடுத்த ஒரு வருடம் மரணத்தின் வண்டியை ஓட்ட வேண்டும். இதுதான் விதி.

இங்கே தூதன் தேவனும் இல்லை, அசுரனும் இல்லை. நேற்று வரை நம்மோடு குடித்துக் கும்மாளமடித்த ஆள். வண்டியோட்டி தன் பழைய கூட்டாளியின் உடல் பக்கத்தில் வந்து நிற்கும் காட்சியில் அவன் பேச்சில் இருப்பது பயமுறுத்தல் இல்லை, மன்றாட்டு. உன்னைக் கெடுத்தவன் நான்தானே என்ற குற்றவுணர்வு. ஒரே படச்சுருளில் இரண்டு முறை பதிவுசெய்து வண்டியைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருப்பார்கள். மூழ்கியவனை எடுக்க அந்த வண்டி கடல் அலைகளுக்கு மேலேயே உருண்டு போகும். நூறு வருடம் தாண்டியும் அந்தக் காட்சியில் கை வைக்க முடியாது.

ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். 1957இல் அவர் எடுத்த 'ஏழாவது முத்திரை'யில் வீரன் மரணத்தோடு சதுரங்கம் ஆடுவதுதான் எல்லோருக்கும் தெரியும், சுவரொட்டிகளிலும் அதுதான். எனக்கு அதைவிடப் பாவசங்கீர்த்தனக் காட்சிதான் பெரிது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதிரியார் இருக்கிறார் என்று நம்பி, மரணத்தை எந்தக் காயை வைத்து மடக்கப்போகிறேன் என்று வீரன் சொல்லிவிடுகிறான். உள்ளே இருப்பது மரணம். முகத்தைக் காட்டினால் பயம் போய்விடும் என்றீர்களே கடைசி_வரிசை, அந்த வெள்ளை முகம் திரும்பும் நொடியை நினைத்துப் பாருங்கள்.

வெள்ளி_நிலவு:

எல்லோரும் அரிவாளோடு நின்றுவிட்டீர்கள். அந்தக் கறுப்பு அங்கியும் எலும்பும் ஐரோப்பாவில் கொள்ளைநோய்க் காலத்துக்குப் பிறகு பரவிய படிமம். யூத, இஸ்லாமிய மரபில் வரும் மரண தூதர் வேறு மாதிரி.

யூதர்களின் சமய நூலான தால்மூதில் அவருக்கு உடம்பெல்லாம் கண். நோயாளியின் தலைமாட்டில் உருவிய வாளோடு நிற்பார். வாள் நுனியில் ஒரு துளி பித்தம் தொங்கும். நோயாளி அவரைப் பார்த்து அதிர்ந்து வாயைத் திறப்பான், துளி விழும். கொல்வது வாள்கூட இல்லை, அந்த ஒரு துளி. 2008இல் கில்லெர்மோ டெல் டோரோ 'ஹெல்பாய்' இரண்டாம் பாகத்தில் காட்டிய மரண தேவதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். முகத்தில் கண்ணே கிடையாது. கண்ணிருக்க வேண்டிய இடத்தை மூடி எலும்பு வளர்ந்திருக்கும். இறக்கைகளில் வரிசையாகக் கண்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக இமைக்கும். டக் ஜோன்ஸ் கைவிரல்களை மட்டும் வைத்தே பாதி நடிப்பை முடித்திருப்பார். அது வருவது சில நிமிடம்தான், படத்தில் எனக்கு நிற்பது அதுதான்.

குர்ஆனில் 32ஆவது அத்தியாயம் 11ஆவது வசனத்தில் அவர் மலக்குல் மவ்த், அதாவது மரணத்தின் வானவர், என்றே வருகிறார். இஸ்ராயீல் என்ற பெயர் மரபில் வந்தது. அவர் தீயவர் இல்லை, கட்டளையை நிறைவேற்றுகிறவர். இரவுக்காட்சி சொல்கிற 'குறை இல்லாதவன்' என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் இருக்காது.

இந்த மரபில் இருந்துதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த திகில் கதையும் வருகிறது. பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற கவிதை நூலில் இருக்கிறது. ஒருவன் காலையில் வெளுத்துப்போன முகத்தோடு சுலைமான் நபியிடம் ஓடி வருகிறான். மரண தூதர் என்னை ஒரு மாதிரி முறைத்துப் பார்த்தார், காற்றுக்குக் கட்டளையிட்டு என்னை இந்துஸ்தானத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறான். அவரும் அனுப்புகிறார். மறுநாள் தூதரிடம், அந்த மனிதனை ஏன் கோபமாகப் பார்த்தீர் என்று கேட்கிறார். தூதர் சொல்கிறார்: கோபம் இல்லை, ஆச்சரியம். அவன் உயிரை இந்துஸ்தானத்தில் எடுக்கும்படி எனக்குக் கட்டளை, இவன் இங்கே நிற்கிறானே, சிறகு இருந்தாலும் எப்படிப் போய்ச் சேரப்போகிறான் என்று பார்த்தேன்.

இதற்கும் முந்திய வடிவம் தால்மூதில் இருக்கிறது. அங்கே சாலமோன் அரசரின் (அதே சுலைமான்தான்) எழுத்தர்கள் இருவர். தூதர் சோகமாக இருப்பதைப் பார்த்த அரசர், அவர் நுழைய முடியாத லூஸ் நகரத்துக்கு அவர்களை அனுப்புகிறார். நகரத்து வாசலிலேயே இறந்துவிடுகிறார்கள். மறுநாள் தூதர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அவர்கள் உயிரை எங்கே எடுக்கும்படி எனக்குக் கட்டளையோ அங்கேயே அனுப்பிவிட்டீர்களே என்கிறார். 1933இல் சாமர்செட் மாம் தன் நாடகத்தில் இதை பாக்தாத், சமாரா என்று மாற்றி எழுதியதுதான் உலகம் முழுக்கப் பரவியது.

ஊஞ்சல்:

ஐயோ, அனுப்பி வைத்ததே அந்த அரசர்தான் என்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நல்ல மனசோடு செய்த உதவி.

பகல்கனவு:

சரி, நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் யமன் மட்டும் ஏன் எப்போதும் சிரிப்புக்கு வருகிறார்? தெலுங்கில் 'யமகோலா' 1977, 'யமுடிகி மொகுடு' 1988. அதைத் தமிழில் 'அதிசயப் பிறவி' என்று 1990இல் ரஜினியை வைத்து எடுத்தார்கள். 1995இல் 'லக்கி மேன்' படத்தில் கவுண்டமணி யமன், செந்தில் சித்ரகுப்தன். எல்லாவற்றிலும் எமலோகத்தில் ஒரு கணக்குப் பிழை, கோப்பு தொலைகிறது, ஆள் மாறுகிறது. எருமை, பாசக்கயிறு, மீசை என்று பயமுறுத்துவதற்கு எல்லாம் இருந்தும் ஒருவர்கூட அவரைத் திகில் படத்துக்கு எடுத்துப் போகவில்லையே. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

ஏட்டுச்சுவடி:

பகல்கனவு, ஆள் மாறிப்போவது நம்முடைய தனிச் சொத்து இல்லை. 1941இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தில் தூதர் அவசரப்பட்டு ஒரு குத்துச்சண்டை வீரனின் உயிரை முன்கூட்டியே எடுத்துவிடுவார். 1946இல் பவல், பிரஸ்பர்கர் எடுத்த 'வாழ்வும் சாவும்' என்ற பிரிட்டிஷ் படத்தில் பனிமூட்டம் காரணமாக ஒரு விமானியைத் தவறவிடுவார். போர்க்காலத்திலும் போர் முடிந்த கையோடும் அந்தக் கதை மக்களுக்கு வேண்டியிருந்தது. தம் வீட்டுப் பையனும் பனிமூட்டத்தில் தப்பியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அது.

ஆனால் யமன் சிரிப்புக்கு ஆளானதற்கு வேறொரு வேர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தமிழில் சாவை எதிரே நிறுத்தித் திட்டுவது மிகப் பழைய பழக்கம். புறநானூற்றின் 227ஆவது பாடலைப் பாருங்கள். கிள்ளிவளவன் இறந்துவிட்டான். ஆவடுதுறை மாசாத்தனார் கூற்றுவனைப் பார்த்து, நீ பெரிய முட்டாள், விதைநெல்லைச் சமைத்துத் தின்றுவிட்டாய் என்கிறார். இவன் உயிரோடு இருந்தால் போர்க்களத்தில் எத்தனை உயிரை உனக்குத் தின்னக் கொடுத்திருப்பான், அவனையே எடுத்துக்கொண்டாயே, இனி உன் பசிக்கு யார்? துக்கத்தின் உச்சியில் நின்றுகொண்டு அந்தத் திட்டு வருகிறது. அப்பர் நமனை அஞ்சோம் என்றார். பாரதி காலனைக் காலருகே வரச் சொன்னார். புதுமைப்பித்தனின் 'காலனும் கிழவியும்' கதையில் ஒரு கிழவி அவனோடு வாய்கொடுத்தே வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுகிறாள். இந்த வரிசையில் யமன் நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்குவது இயற்கைதான். சினிமா அதில் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டது, அந்தத் துக்கத்தை விட்டுவிட்டது. குறை அங்கேதான்.

கடோபநிஷத்தின் யமனையும் மறந்துவிட வேண்டாம். நசிகேதன் மூன்று இரவு வாசலில் பட்டினி கிடக்கிறான். வீட்டுக்கு வந்த யமன், விருந்தாளியைப் பசியோடு காக்க வைத்துவிட்டேனே என்று பதறி மூன்று வரம் கொடுக்கிறான். இந்த யமனை யாராவது ஒரு முறை திரையில் காட்டட்டும்.

நகல்_எடுக்காதே:

இரவுக்காட்சியின் வாதத்துக்கு நேர் எதிராக ஒன்று வைக்கிறேன். 2022இல் வந்த 'புஸ் இன் பூட்ஸ்' கார்ட்டூன் படத்தின் ஓநாய். குழந்தைகள் படம். ஆனால் அந்தச் சீட்டி ஒலி கேட்டதும் பெரியவர்களுக்கே முதுகு சில்லிடும். பூனை தன் ஒன்பது உயிரில் எட்டை விளையாட்டாகத் தொலைத்துவிட்டது. ஓநாய் மதுக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். இரண்டு அரிவாள். சண்டையில் பூனையின் நெற்றியில் ஒரு சொட்டு ரத்தம் வழிகிறது. இதுவரை யாரும் தொடாத பூனை அது. அதன் ரோமம் சிலிர்த்து நிற்பதை நெருக்கத்தில் காட்டுகிறார்கள்.

அவனுக்குக் குறை இருக்கிறது! உயிரை மதிக்காத இந்தப் பூனை மேல் சொந்தக் கோபம். கடைசி உயிரை நேரம் வருமுன்னே எடுக்க வந்திருக்கிறான். குறை உள்ள தூதன், ஆனால் இந்த இழையில் பேசிய எவரையும்விடப் பயங்கரமானவன். இதற்கு என்ன பதில்?

இரவுக்காட்சி:

கெட்டிக்காரத்தனமான கேள்வி. அந்த ஓநாயை எனக்கும் ரொம்பப் பிடிக்கும்.

அவன் பயங்கரமாவது கோபத்தால் இல்லை, விதியை மீறுவதால் என்பேன். கட்டளையின்றி வரக்கூடாதவன் தன் விருப்பத்துக்கு வருகிறான். பேய் அப்படி வந்தால் ஓடலாம், ஒளியலாம், வேறு யாரிடமாவது போகலாம். இவனே விதியை மீறினால் எங்கே போய் முறையிடுவது? முடிவைக் கவனியுங்கள். பூனை தன் கடைசி உயிரை மதித்துப் போராடத் தயாராகிறது. ஓநாய் ஆத்திரத்தோடு முணுமுணுத்துவிட்டு அரிவாளை இறக்கிவிடுகிறான். மறுபடி சந்திப்போம் என்று இருவருக்கும் தெரியும். அந்த இடத்தில் தூதன் பழையபடி தூதனாகிறான். கோபம் போன பிறகுதான் எனக்கு அவன் மேல் மரியாதையே வருகிறது.

விளக்குத்திரி:

மெழுகுவர்த்தி மண்டபம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது லாங் கண்டுபிடித்ததில்லை. கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 44ஆவது கதை. மரணம் ஓர் ஏழைப் பிள்ளைக்கு ஞானத்தந்தையாகி அவனை வைத்தியனாக்குகிறது. நோயாளியின் தலைமாட்டில் மரணம் நின்றால் பிழைப்பான், கால்மாட்டில் நின்றால் பிழைக்க மாட்டான். வைத்தியன் அரசனைக் காப்பாற்ற, அவனைக் கட்டிலில் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுகிறான். இரண்டாம் முறையும் அதே தந்திரம். அப்புறம் மரணம் அவனைக் குகைக்கு அழைத்துப் போய் எரிகிற மெழுகுவர்த்திகளைக் காட்டுகிறது. அவனுடையது அணையப்போகிற துண்டு.

1960இல் மெக்சிகோவில் 'மகாரியோ' என்ற படமாக இதே கரு வந்தது. நிஜக் குகைக்குள் ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்தி ஏற்றிப் படமெடுத்திருக்கிறார்கள். இந்தக் கதை ஜப்பானுக்கும் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் என்ச்சோ என்ற புகழ்பெற்ற கதைசொல்லி இதை 'ஷினிகாமி' (மரண தேவன்) என்ற ரகுகோ நிகழ்ச்சியாக்கினார். ஒரே ஆள் மேடையில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பாத்திரமாகவும் பேசுவது ரகுகோ. அணையப்போகும் சுடரைப் புதுத் திரிக்கு மாற்ற வேண்டும், கை நடுங்கக் கூடாது. நடுங்குகிறது. அணைகிறது, அணைகிறது என்று சொல்லிக்கொண்டே கதைசொல்லி அப்படியே மேடையில் சரிந்துவிடுவார். அதோடு நிகழ்ச்சி முடிந்தது. ரத்தம் இல்லை, இசை இல்லை.

'டெத் நோட்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்தவர்களுக்கு ஷினிகாமி என்றால் ஆப்பிள் தின்னும் ரியூக்தான். அங்கேயும் ஓர் அழகான விதி உண்டு. தான் நேசிக்கிற மனிதரின் ஆயுளை நீட்டுவதற்காக ஒரு ஷினிகாமி இன்னொருவரைக் கொன்றால் அது சாம்பலாகிவிடும். தூதனுக்குப் பாசம் வந்தால் அதுவே அவன் சாவு.

மௌனப்பட_ரசிகை:

பாசம் என்றதும் நினைவுக்கு வருவது 'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 1962 ஜனவரி பகுதி ஒன்று. ஒரு கிழவி மரணம் வந்துவிடும் என்று பயந்து கதவையே திறப்பதில்லை. வாசலில் ஓர் இளம் போலீஸ்காரன் குண்டடிபட்டுக் கிடக்கிறான். மனம் கேட்காமல் உள்ளே எடுத்துப் படுக்க வைக்கிறாள். அப்புறம் வீட்டை இடிக்க ஒப்பந்தக்காரர் வருகிறார். அவள் உதவிக்காகப் போலீஸ்காரனைப் பார்க்கிறாள். ஒப்பந்தக்காரர் கண்ணுக்கோ அங்கே யாருமே இல்லை. அந்தப் பார்வை மட்டும்தான் திகில். அந்தப் போலீஸ்காரன்தான் மரணம். அவனாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்ட் அப்போது புதுமுகம் மாதிரி, அத்தனை மென்மையாகக் கையை நீட்டுவார். பயந்ததெல்லாம் எதற்காக என்று அவளே கேட்கிற அளவுக்கு.

கடைசி_வரிசை:

ரசிகை, நீங்கள் சொல்வது ஆறுதல் கதை. திகில் இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். தூதனை அன்பானவனாக்கினால் பார்வையாளன் நிம்மதியாகத் தூங்குவான், அது வேறு கலை. 1934இலும் 1998இலும் மரணம் விடுமுறை எடுத்துக் காதலிக்கிற படங்கள் வந்தனவே, அவையும் இந்தப் பக்கம்தான்.

மௌனப்பட_ரசிகை:

ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. அந்தக் கிழவி கதவு திறக்கும் வரை முழுக்கத் திகில்தான். பூட்டிய வீட்டுக்குள் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த விரல்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

யாரும் இன்னும் படமாக்காத ஒன்றைச் சொல்கிறேன். மகாபாரதத்தில், துரோண பருவத்திலும் சாந்தி பருவத்திலும் வருகிறது. உயிர்கள் பெருகி பூமி தாங்கவில்லை. பிரம்மாவின் கோபத்திலிருந்து ஒரு பெண் பிறக்கிறாள். பெயர் மிருத்யு. எல்லா உயிர்களையும் கொல்வது உன் வேலை என்று அவளிடம் சொல்கிறார்கள். அவள் அழுகிறாள். தாயையும் பிள்ளையையும் பிரிக்க என்னால் முடியாது என்று மறுத்துவிட்டு யுகக்கணக்கில் தவம் செய்கிறாள். பிரம்மா அவள் கண்ணீரைக் கையில் ஏந்தி வைத்திருக்கிறார். கடைசியில் அந்தக் கண்ணீர்த் துளிகள்தான் நோய்களாகும், உனக்குப் பாவம் சேராது என்கிறார். சாபத்துக்கு அஞ்சி அவள் சம்மதிக்கிறாள்.

இரவுக்காட்சி, உங்கள் கேள்விக்கு இவள்தான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. தூதனுக்குக் குறையே கிடையாது என்றீர்கள். இவளுக்கு இருக்கிறது. ஆனால் அது நம் மேல் இல்லை, தன் வேலை மேல். இடைவேளைக்குப் பிறகு எழுதுவதற்கு வேண்டியது அதில் இருக்கிறது.

இரவுக்காட்சி:

ஐயா, இதை நான் படித்ததே இல்லை. லாங் படத்தின் களைத்த முகத்துக்கு முந்தைய அத்தியாயம் மாதிரி இருக்கிறது. வேலையில் சேர்வதற்கு முன்பே அழுதவள்.

கடைசி_வரிசை:

எடுத்தால் அவள் அழுவதைக் காட்டக் கூடாது. துளி விழுகிற இடத்தை மட்டும் காட்ட வேண்டும், அப்புறம் அந்த வீட்டில் முதல் காய்ச்சல்.

மௌனப்பட_ரசிகை:

காட்டியே ஆக வேண்டும். முகம் இல்லாவிட்டால் அதுவும் உங்கள் மரக்கட்டை லாரி ஆகிவிடும். எந்த நடிகை என்பதுதான் கேள்வி. ஏட்டுச்சுவடி ஐயா, அவள் உடை, நிறம் பற்றி மூலத்தில் வர்ணனை உண்டா?

ஏட்டுச்சுவடி:

உண்டு. கறுப்பும் சிவப்புமான உடை, சிவந்த கண்கள், காதில் குண்டலம். பிறந்ததும் தெற்குப் பக்கமாக நகர்ந்து நின்று புன்னகைக்கிறாள். அழுகை அதற்குப் பிறகுதான், வேலை என்ன என்று சொன்னதும்.